பர்மிட் வண்டிக்கா, டிரைவருக்கா?

1

நான் பார்க்கிற வேலை என்ன என்று ஊரில் ஒருவருக்கும் இதுவரை நான் ஒழுங்காகச் சொல்லிப் புரியவைத்தது கிடையாது. சேலத்தில் இருக்கும் என் தம்பி, "அக்கா ஜெர்மனில சாஃப்ட்வேர்ல இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். அம்மாபேட்டைச் சித்தி விடாமல் குடைந்ததால் ஒருமுறை, "கம்ப்யூட்டர் கம்பெனியில போலீஸ் மாதிரி சித்தி" என்றேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகவே பேசுகிறார்.

இந்த முறை விளக்கமாகச் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் போன மாதம் அந்தப் போலீஸ் வேலை நேராக நாமக்கல்லுக்கே போய் நின்றுவிட்டது.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனியிலிருந்து சேசிஸ் மட்டும் வரும். என்ஜின், சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவுதான். மேலே கூரைகூட இருக்காது. ஓட்டிக்கொண்டு வருகிறவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் வந்து சேருவார். அதன்மேல் கேபின், பாடி, பெயின்ட், முன்னால் "முருகன் துணை" எல்லாம் நம்ம ஊர்க்காரர்கள் செய்வது. சாஃப்ட்வேரிலும் அப்படி ஒரு சேசிஸ் உண்டு. ஃபிரேம்வொர்க் என்பார்கள். எல்லாரும் அடிப்படையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும் என்பதால், ஒரு கம்பெனி அதைச் செய்து விற்கும். மற்றவர்கள் வாங்கி அதன்மேல் தங்கள் வேலையைக் கட்டுவார்கள். ஜெர்மனியின் நடுவில் காஸல் என்ற ஊரில் அப்படி ஒரு சேசிஸ் கம்பெனியில்தான் நான் இருக்கிறேன்.

லாரி சேசிஸை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் அது உங்களுடையது. அதன்மேல் பத்துப் பேர் சுத்தியல் பிடித்தாலும் கம்பெனிக்காரன் ஏன் என்று கேட்கமாட்டான். எங்கள் கம்பெனி கேட்கும். எத்தனை பேர் கை வைக்கிறார்களோ அத்தனை பேருக்கும் தனித்தனியாக, பெயர் போட்டு, லைசென்ஸ் வாங்க வேண்டும். முன்பெல்லாம் ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஒரு சிறு தொகை கட்டினால் புதுப் பதிப்பு வரும். இப்போது அது போய்விட்டது. இனி எல்லாம் வருஷ வாடகை. கட்டவில்லையா, நின்றுவிடும்.

பழைய ஆட்களை இந்தப் புது வாடகைக்கு மாற்றுவதற்கு முன்னால், அவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டார்களா என்று தோண்டிப் பார்ப்பது என் வேலை. ஒழுங்கில்லை என்றால் கடிதம் போகும். கடிதத்தில் மூன்று வகை: கனிவானது, கறாரானது, வக்கீல் பெயர் போட்டது. எந்த வாடிக்கையாளருக்கு எந்தக் கடிதம் என்று முடிவு செய்து ஒரு பட்டனை அழுத்தவேண்டும். இதற்குத்தான் சம்பளம்.

2

ஒவ்வொரு திங்கட்கிழமையும் சந்தேகப் பட்டியல் வரும். அதை மனிதர்கள் தயாரிப்பதில்லை. எங்கள் சேசிஸே எந்த மிஷினில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வேலை நடந்தது என்று கம்பெனிக்குச் சொல்லிவிடும்.

அந்தத் திங்கட்கிழமை என் மேலாளர் ஹான்னா என் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ஹான்னாவுக்கு முப்பத்துநாலு வயது. இங்கே மேலாளரையும் நீ, வா, போ என்றுதான் அழைக்கவேண்டும். எனக்கு வாயே வரவில்லை. சேர்ந்த புதிதில் ஆறு மாதம் அவளை 'நீங்கள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு என்மேல் என்ன கோபம்?" என்று கேட்டாள். மரியாதை என்றேன். நம்பவில்லை. இங்கே தள்ளி நிற்க விரும்புகிறவர்கள்தான் அப்படிப் பேசுவார்களாம்.

"இந்தப் பெண்ணைப் பாரேன்," என்றாள் ஹான்னா. "காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து இரவு ஒன்பது வரை புரோகிராம் எழுதுகிறாள். சனிக்கிழமையும். மூன்று வருஷமாக லீவே எடுக்கவில்லை. யாராவது இவளை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்."

அவள் போனபிறகு அந்த வரியைத் திறந்தேன். லீவே இல்லை என்பது தப்பு. ஜனவரி நடுவில் நாலு நாள், அக்டோபர் வாக்கில் இரண்டு நாள் மிஷின் அசையவில்லை. பொங்கலும் ஆயுத பூஜையும் என்று எனக்குத் தெரியாதா? ஊர் என்ற இடத்தில் நாமக்கல் என்று எழுத்துப்பிழையோடு இருந்தது. ஒரு மிஷின், ஒரு லைசென்ஸ். அதில் எழுதுகிறவர் என்று பதிவான பெயர்: மேரி ஸ்டெல்லா.

அது நான்தான்.

ஹான்னாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இங்கே நான் ஃபிராவ் ஆரோக்கியசாமி, அதாவது திருமதி ஆரோக்கியசாமி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டதால், வந்த நாளிலிருந்து எல்லாரும் என்னை என் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். என் மகளுக்கோ அவளுடைய அப்பாவின் பெயர். ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர் ஏன் என்று நகராட்சி அலுவலகத்தில் நாலு முறை கேட்டு, நாலு முறை படிவம் நிரப்பினோம். ஸ்டெல்லா என்று கூப்பிட இந்த ஊரில் ஆளே கிடையாது. நாமக்கல்லில் மட்டும் ஸ்டெல்லா காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறாள்.

3

பதினாறு வருஷத்துக்கு முன்னால், நாமக்கல் பரமத்தி ரோட்டில், டயர் ரீட்ரெடிங் கடைக்கு மாடியில், இரண்டு அறை. கீழே ரப்பர் வேகிற வாடை எந்நேரமும் மேலே வரும். அங்கேதான் நானும் தனலட்சுமியும் லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கான சாஃப்ட்வேர் எழுதினோம். எந்த லாரி எங்கே போயிருக்கிறது, யார் டிரைவர், என்ன லோடு, திரும்பி வர லோடு இருக்கிறதா, இதெல்லாம். நான் எம்.சி.ஏ. படித்துவிட்டு சேலத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவேன். தனம் என்னைவிட ஆறு வயது சின்னவள். அவள் அப்பாவுக்கு இரண்டு லாரி. ஒரு லோடு ஷீட்டைப் பார்த்தாலே டிரைவர் எங்கே பொய் சொல்லியிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பொய்களைக் கண்டுபிடிக்க என்ன எழுதலாம் என்று யோசிப்பது என் பங்கு.

இப்போது நான் வேலை பார்க்கிற இதே கம்பெனியின் சேசிஸுக்கு லைசென்ஸ் வாங்கியது எங்களுக்கு அந்த வருஷத்தின் பெரிய செலவு. ஒன்றுதான் கட்டுப்படியானது. இரண்டு பேர் எழுதுகிறோமே, ஒன்று போதுமா என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. தனம் பட்டென்று சொன்னாள்.

"ஏனுங்க்கா, பர்மிட்டு வண்டிக்கா, டிரைவருக்கா? எங்கப்பா வண்டியில போறப்ப ஒருத்தரு வாரப்ப ஒருத்தரு ஓட்டறாங்க. பர்மிட்டு ஒண்ணுதானுங்க. ஒரே நேரத்துல ரெண்டு பேரு ஸ்டியரிங்கப் புடிக்காம இருந்தாச் சரி."

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. ஒரே ஒரு மிஷினில் அந்த லைசென்ஸை ஏற்றினோம். அதற்கு 'பெரிய வண்டி' என்று பெயர். காலையில் தனம், மத்தியானம் நான். ஸ்டியரிங்கில் ஒருவர்தான். இதைவிட யோக்கியமாக யாரும் இருக்க முடியாது என்று எங்களுக்கு ஒரே பெருமை. நீண்ட ஒப்பந்தம் ஒன்று திரையில் வந்தது. படித்துச் சம்மதிக்கிறேன் என்ற இடத்தில் டிக் அடித்தது நான். படிக்கவில்லை. எழுதுகிறவர் பெயர் கேட்டது. மூத்தவள் என்று என் பெயரைப் போட்டேன்.

கணவருக்கு இங்கே வேலை கிடைத்து நாங்கள் கிளம்பியபோது ஆபீஸைத் தனத்திடம் விட்டுவிட்டு வந்தேன். பிறகு அவள் மூன்று பெண்களை வேலைக்கு வைத்தாள். ஆள் கூடினாலும் முறை மாறவில்லை. நாலு பேரும் ஷிஃப்ட் போட்டு, ஒருவர் எழுந்தால் ஒருவர் உட்கார்ந்து, அதே பெரிய வண்டியில் எழுதினார்கள். கம்பெனியின் கணக்கில் அது ஒரே ஒரு வெறிபிடித்த ஸ்டெல்லா.

4

இனி நான் என்ன செய்திருக்கலாம் என்று சொல்கிறேன். அந்த வரிக்கு எதிரே 'சந்தேகம் தீர்ந்தது' என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் போதும், கடிதம் இல்லை, ஒன்றும் இல்லை. நான் அழுத்தவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள், பயம். யார் எந்தப் பட்டனை அழுத்தினார்கள் என்பதும் பதிவாகும். இந்த வேலை போனால் எனக்கு இங்கே வேறு பிடிமானம் கிடையாது. கணவர் பிரிந்து போய் ஆறு வருஷமாகிறது; அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. சேலத்தில் எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியாருக்குக்கூட இன்னும் தெரியாது. என் கணவர் சவுதியில் இருப்பதாகத் தம்பி சொல்லி வைத்திருக்கிறான்.

தனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா? கூடாது. விசாரணையில் இருக்கிறவரிடம் அதைப் பற்றிப் பேசினால் அதற்கும் வேலை போகும். ஆனால் தனம் ஞாயிற்றுக்கிழமை பேசுவாளே.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குக் காலை பத்து, அவளுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். பதினோரு வருஷமாக அவள் கூப்பிடுவது எப்போதும் ஒரு சந்தேகத்தோடுதான். பிரின்ட் எடுத்தால் கடைசி வரி வெட்டுப்படுகிறது, வரி மாறியிருக்கிறது எங்கே மாற்றுவது, இப்படி. பத்து நிமிஷத்தில் அது முடிந்துவிடும். மிச்சம் ஒரு மணி நேரம் பேச்சு. முட்டை விலை, யார் மகளுக்குக் கல்யாணம், எந்த ஆபீஸ்காரன் ஏமாற்றினான். வாரம் முழுக்க நான் பேசுகிற தமிழ் அந்த ஒரு மணி நேரம்தான். மகள் ஹாம்பர்க்கில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். அதுவும் இப்போது பதிவு செய்த குரலாகத்தான் வருகிறது. நடக்கும்போது பேசி அனுப்புவதால் மூச்சு வாங்கும். எங்கே நடக்கிறாள், யாரோடு நடக்கிறாள், எனக்குத் தெரியாது.

போன வருஷம் பல் பிடுங்கப் போனபோது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடவேண்டும் என்று படிவத்தில் இரண்டு பெயர் கேட்டார்கள். முதலில் மகள். இரண்டாவதில் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் தனத்தின் பெயரையும் நம்பரையும் எழுதினேன். வரவேற்பில் இருந்த பெண் பார்த்துவிட்டு, "கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறவர் வேண்டும்" என்றாள். எழுதியதை அடித்துவிட்டேன்.

ஆக அந்த ஞாயிறும் தனம் கூப்பிட்டாள். ஏதோ ஒரு ரிப்போர்ட்டில் தேதி தப்பாக வருகிறது என்றாள். சொல்லிக்கொடுத்தேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு ஓடவில்லை.

"என்னுங்க்கா, கொரலு ஒரு மாதிரி இருக்குது? ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?"

"சளி, தனம்."

"மொளகு தட்டிப்போட்டு ஒரு ரசம் வைங்க. தனியா இருக்கறோம்னு சமைக்காமப் படுத்துக்கறீங்களாக்கும்?"

சரி சரி என்று வைத்துவிட்டேன். அன்றைக்குப் பேச்சு கால் மணி நேரம்கூடப் போகவில்லை. போனை வைத்தபிறகு எனக்கு என்மேலேயே வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிப் பதிவு அனுப்பினேன். அரை நாள் கழித்துப் பதில் வந்தது. "அம்மா, இதில் என்ன இருக்கிறது? மேலாளரிடம் சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை பேசலாம்." அதுவரை அவளுக்குப் பரீட்சையாம்.

5

சின்ன வயதில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும்போது சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே நிற்பேன். புதன்கிழமை ஹான்னாவின் கதவுக்கு வெளியே அப்படித்தான் நின்றேன், ஜெர்மனில்.

உள்ளே போய், அந்த லீவே எடுக்காத பெண் நான்தான் என்றேன். ஹான்னாவுக்குப் புரியவில்லை. நாமக்கல், டயர் கடை மாடி, பெரிய வண்டி, தனத்தின் அப்பாவுடைய பர்மிட் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அது தர்க்கமாகத்தானே இருக்கிறது?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. "எத்தனை பேர் இப்போது?"

"நாலு."

"உன் தோழி தெரிந்தே ஏமாற்றினாளா?"

"ஏமாற்றுகிறவள் வருஷா வருஷம் தவறாமல் புதுப்பிப்பாளா? ஒன்றுதான் வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். டிக் அடித்தது நான்."

இதைச் சொல்லும்போது என்னையறியாமல் அவளை மறுபடி 'நீங்கள்' என்று சொல்லிவிட்டேன். அவள் திருத்தவில்லை. இந்த வரியை இனி நான் தொடக்கூடாது, வேறொருவர் பார்ப்பார், முடிவு தெரியும்வரை அந்தப் பக்கம் யாரோடும் பேசக்கூடாது என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு போன் அடித்தபோது நான் எடுக்கவில்லை. சமையலறையில் நின்று அது அடித்து ஓய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

6

கடிதம் தனத்துக்குச் செவ்வாய்க்கிழமை போயிருக்கிறது. அன்றைக்கே அவள் கூப்பிட்டாள், பட்டப்பகலில், நான் ஆபீஸில் இருக்கும்போது. அன்று காலைதான் ஹான்னா, கடிதம் போய்விட்டது, இனி நீ பேசலாம் என்றிருந்தாள். குளிருக்குப் போடுகிற கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

"அக்கா, உங்க கம்பெனியில இருந்து ஒரு லெட்டரு வந்துருக்குதுங்க்கா. நாலு பேரு ஒரு லைசென்ஸ்ல எழுதறோம்னு போட்டிருக்குது. ஒப்பந்தத்த மீறிட்டோமாமா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஜெயில்ல கியில்ல போட்டுருவாங்களாங்க்கா?"

"அதெல்லாம் இல்ல. கனிவான கடுதாசிதான் அனுப்பியிருப்பாங்க. பொறுமையாப் படி."

தனம் முட்டாள் இல்லை.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமாங்க்கா?"

"தெரியும்."

"ஞாயித்துக்கெழம சளின்னு சொன்னீங்களே, அப்பவேவா?"

"சொல்லக் கூடாதுன்னு ரூலு, தனம். வேலை போயிரும்."

"போன ஞாயித்துக்கெழம போனே எடுக்கலீங்க. நான் என்னமோ ஆயிப்போச்சுன்னு உங்க தம்பிக்குப் போன் போட்டு, அவரு உங்க புள்ளைக்குப் போட்டு..." அவள் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் யாருகிட்டங்க போயிச் சொல்லப்போறேன்? என்னைய அவ்வளவுதான் நம்புனீங்களாக்கும்."

மன்னிச்சுக்க என்றேன். பிறகு ஹான்னா முடிவு செய்திருந்ததைச் சொன்னேன். சின்ன ஆபீஸ், பழசைக் கிளறமாட்டார்கள். புது முறைக்கு மாறி, எழுதுகிறவர்கள் பெயரில் ஆளுக்கு ஒன்று வாங்கினால் போதும்.

"நாலு பேருக்குமா? வருசா வருசமா? அதுக்கு நாங்க பொழப்ப உட்டுட்டுத்தான் போகோணும்," என்றாள். "ஓசியிலயும் ஒண்ணு குடுக்கறாங்களாமே? நெட்டுல போட்டிருக்குது."

இருக்கிறது. ஆனால் இலவசமாக எடுத்தால், அதன்மேல் கட்டியதை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது உள்ளே எழுதியிருப்பதையும் திறந்து கொடுக்கவேண்டும்; அவர்கள் அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதைச் சொன்னேன்.

"பதினாறு வருசம் கண்ணு முழிச்சு எழுதுனத எடுத்து அவிங்க கையில குடுக்கறதா? ஆகற காரியமாங்க்கா அது? அடுத்த மாசமே எதுத்த கடைக்காரன் அவம்பேரப் போட்டு விப்பான்."

எனக்கு ஒன்று கேட்கவேண்டியிருந்தது. அது அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியே இல்லை. இருந்தும் கேட்டேன். "என் பேர எதுக்கு இத்தன வருஷம் அதுல அப்படியே வெச்சிருந்தே?"

என்ன பதிலை எதிர்பார்த்தேன் என்று உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எடுக்க மனசு வரலீங்க்கா என்பாள் என்று நினைத்தேன். இரண்டு வாரமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பேருலயா இருக்குது?" என்றாள் தனம். "அட ஆமாங்க. மறந்தே போச்சுங்க்கா. புதுப்பிக்கறப்ப காச மட்டுந்தான் கேக்கும், பேரக் கேக்காதுங்களே."

7

பழைய பதிவை மூடவேண்டுமென்றால் பெயருக்குரியவரே விலகவேண்டும். அதற்கு ஒரு படிவம் என் பழைய மின்னஞ்சலுக்கு வந்தது. கம்பெனி ஆளாக இல்லாமல் நாமக்கல் ஸ்டெல்லாவாக நான் நிரப்பவேண்டும் என்பதால் சனிக்கிழமை வீட்டிலேயே உட்கார்ந்து திறந்தேன். சாப்பாட்டு மேசை, ஒரு டம்ளர் காப்பி, வெளியே மழையும் இல்லாத வெயிலும் இல்லாத இந்த ஊர் வெளிச்சம்.

விலகக் காரணம் என்ன என்று கேட்டது. மூன்று பதில் இருந்தன. இறந்துவிட்டார். வேறு பெயருக்கு மாறிவிட்டார். இப்போது அங்கே வேலை செய்யவில்லை. மூன்றாவதைத் தொட்டேன்.

எந்தத் தேதியிலிருந்து என்று அடுத்த கேள்வி. நான் விமானம் ஏறிய தேதி எனக்கு மறக்காது. மகளுக்கு அப்போது எட்டு வயது. பெங்களூர் வரை காரில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். தொப்பூர் தாண்டும்போது தனம் போன் செய்து, பெரிய வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது என்றாள். எந்த ஒயரைப் பிடுங்கிச் சொருகவேண்டும் என்று காரிலிருந்தே சொன்னேன். அந்தத் தேதியைப் போட்டால் நடுவில் இருக்கிற பதினோரு வருஷமும் தப்பு என்று பதிவாகும். அதனால் இன்றைய தேதியைப் போடச் சொல்லியிருந்தாள் ஹான்னா. கம்பெனிக்கும் அதுவே வசதியாம்.

போட்டேன். நன்றி, நீங்கள் இன்றோடு விலகிவிட்டீர்கள் என்று வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. காப்பி ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

8

மூன்று வாரம் தனம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவதும், பதினொன்றுக்கு எழுந்து மாதா கோவிலுக்குப் போவதுமாக இருந்தேன். இங்கே பூசைக்கு வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் வயதானவர்கள். பூசையின் நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் கை குலுக்குவார்கள். வாரத்தில் இன்னொரு மனிதரின் கை என்மேல் படுவது அப்போது மட்டும்தான்.

நானாகக் கூப்பிடலாமே என்று கேட்பீர்கள். கூப்பிட முகமில்லை.

நாலாவது ஞாயிறு அவளே கூப்பிட்டாள். எதுவுமே நடக்காதது போலத்தான் ஆரம்பித்தாள்.

"அக்கா, சாப்பிட்டீங்களா? புது லைசென்ஸு வந்துருச்சுங்க்கா. ரெண்டுதான் வாங்கியிருக்கறேன். எளசா இருக்கற புள்ளைங்க ரெண்டு பேரு பேருல போட்டுட்டேன். இன்னொரு புள்ள கஸ்டமர் ஆபீசுங்களுக்குப் போயிப் பார்த்துக்கும்."

"நீ?"

"நான் எழுதறத உட்டுட்டேனுங்க்கா. மூணு லைசென்ஸுக்கு எங்க போறது? நானு போனப் பார்க்கறேன், கடைய நடத்தறேன், போதும்."

லோடு ஷீட்டில் பொய்யைக் கண்டுபிடிக்கிற தனம். "உனக்கு வருத்தமா இல்லியா?" என்றேன்.

"இருந்துச்சுங்க. ரெண்டு நாளு சோறே எறங்கல. உங்க மேலயும் கோவம், எல்லாத்து மேலயும் கோவம். அப்புறம் பார்த்தா, ஆவறது ஆச்சு, நாலு பேரு பொழப்பு நிக்குதில்லீங்க. நீங்க உங்க மேலாளரம்மாகிட்டப் போயிச் சொல்லலைன்னா வக்கீல் லெட்டரே வந்துருக்குமாமா. உங்க ஆபீசுல இருந்து பேசுனவரு சொன்னாருங்க." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு குரலில் கொஞ்சம் உற்சாகம் வந்தது. "இன்னொண்ணுங்க்கா. இந்த வாடகையில சப்போர்ட்டும் சேர்த்தியாமா. என்ன சந்தேகம்னாலும் எழுதிப் போட்டா அன்னைக்கே பதில் வருது. புள்ளைங்களே கேட்டுக்குதுங்க. இனி ஞாயித்துக்கெழமையும் அதுவுமா உங்களத் தொந்தரவு பண்ணவேண்டியதில்லீங்க்கா. நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுக்கலாம்."

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். வெகுநாளாக மனதில் இருந்த ஒரு பாரத்தை இறக்கிவைத்த மாதிரி சொன்னாள். இத்தனை வருஷமும் அந்தச் சந்தேகங்களுக்காக அவள் சங்கடப்பட்டிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தெரியலைன்னா என்கிட்டக் கேளு, தனம்," என்றேன்.

"எதைங்க்கா? நாந்தான் எழுதறதே இல்லியே."

"எதையாவது கேளு. தெரிஞ்சாலும் கேளு."

அவளுக்குப் பின்னால் ஏதோ ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"என்னுங்க்கா," என்றாள் தனம் மெதுவாக. "அழுவறீங்களா?"

சளி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஆமா," என்றேன்.